மெல்லுணவு

அச்சகத்தில் அவரை எல்லோரும் ஒற்றர் என்றுதான் கூப்பிடுவார்கள். உளவு பார்க்கிற வேலைக்கும் அவருக்கும் துளியும் சம்பந்தம் கிடையாது. அவர் பிழை திருத்துபவர். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு க், ஒரு ச், ஒரு ப் விட்டுப்போயிருக்கிறதா என்று தேடிப் பிடித்துச் செருகிவிடுவார். சோப்பு உறையானாலும் சரி, தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவரின் விளம்பரமானாலும் சரி. அந்த ஒற்றெழுத்துகள் வாங்கிக் கொடுத்த பட்டம் அது. புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் மட்டும், "ஒற்றர் உள்ளே இருக்காரு, போய்ப் பாருங்க" என்று கேட்டதும் கொஞ்சம் பதுங்கித்தான் நடப்பார்கள்.

பத்தொன்பது வருடங்களாக அவர் கையெழுத்திட்டு அனுப்பிய எந்தத் தாளிலும் ஒரு பிழை வந்ததில்லை. இதை அவரே சொல்வார். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் இரண்டு தடவை சொல்வார். வீடு வாடகை வீடு, வண்டி மனைவியுடையது, தலைமுடியும் போய்விட்டது. சொந்தம் என்று மார்தட்டிக்கொள்ள மனிதருக்கு மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான். அதை விட்டுக்கொடுப்பதைவிட முப்பத்திரண்டு பல்லையும் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

முப்பத்திரண்டில் ஒன்றைக் கொடுக்க வேண்டியும் வந்தது. கீழ்க் கடைவாயில் ஒரு ஞானப் பல், நிற்க இடமில்லாமல் படுத்துக்கொண்டே முளைத்திருந்தது. ஈறை அறுத்து, பல்லை இரண்டாக உடைத்து, துண்டு துண்டாக எடுத்துத் தையல் போட வேண்டும் என்றார் பல் டாக்டரம்மா. மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, அது ஏறுவதற்குள் பக்கத்து அறைக்குப் போனார். கதவு பாதி திறந்திருந்தது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணை அவர் பிடித்துக் காய்ச்சுவது ஒற்றர் காதில் நன்றாகவே விழுந்தது.

"இந்த மாசத்துல இது ஆறாவது கேஸும்மா. நேத்து வந்தவருக்குத் தையல் மூணும் பிரிஞ்சு கிடக்கு. கேட்டா சோளக் கதிர் கடிச்சாராம். போன்ல என்னதான் சொல்ற அவங்ககிட்ட?"

"தாள்ல போட்டிருக்கறதைத்தான் மேடம் படிச்சுக் காட்டுறேன்."

"தாள்ல சோளம் கடிக்கச் சொல்லியிருக்கா? இதோ பாரு. இன்னும் ஒரே ஒரு தையல் பிரிஞ்சுதுன்னா நான் வேற ஆள் பார்த்துக்க வேண்டியதுதான்."

ஒற்றர் நாற்காலியில் சாய்ந்தபடி, மரத்துப்போன உதட்டோடு, "ஒரு தாளைப் பார்த்துப் படிக்கத் துப்பில்லை, இதுங்களுக்கெல்லாம் வேலை வேற" என்று மனசுக்குள் சலித்துக்கொண்டார். சலித்துக்கொள்ள அவருக்குத் தனி உரிமை இருந்தது. அந்தத் தாளைப் பிழை பார்த்ததே அவர்தான்.

மூன்று மாதத்துக்கு முன் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கிறுக்கி அனுப்பியிருந்தார்: 'பத்து நாளைக்கு குழைவான சாப்பாடா சாப்பிடுங்க.' ஒற்றருக்கு அதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் கூசியது. படித்த பெண்மணி இப்படியா எழுதுவது என்று மொத்த வரியையும் அடித்துவிட்டு, சிவப்பு மையில் அழகாக எழுதினார்: 'பத்து நாள்களுக்கு மெல்லுணவு மட்டுமே உட்கொள்க.' மென்மையான உணவு, மெல்லுணவு. எத்தனை கச்சிதம். அச்சகத்தில் தட்டச்சு செய்கிற பெண், "இது யாருக்கு சார் புரியும்?" என்று கேட்டதற்கு, "புரியாதவங்க புரிஞ்சுக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

பல் வந்தது. அரை மணி நேரம் ஆனது, ஆனாலும் வந்தது. வாயில் பஞ்சுச் சுருளைத் திணித்து, கன்னத்தில் ஐஸ் பையைக் கட்டி, கையில் அவருடைய தாளையே கொடுத்து, "எல்லாம் இதுல இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவர். கணவரைக் கொண்டுவந்து சோபாவில் இறக்கிவிட்டு, மதிய முறைக்குக் கிளம்பும்போது தன் தம்பியிடம் தாளை நீட்டினார். "டேய், இதுல இருக்கிறபடி கொடு. உன் இஷ்டத்துக்கு எதையும் செய்யாத."

அந்த எச்சரிக்கையே தேவையில்லை. மச்சினனுக்குச் சலவை இயந்திரம் பொருத்துகிற வேலை. கையேட்டில் திருகாணியை ஒன்பது சுற்று சுற்றச் சொன்னால் ஒன்பதே சுற்று, எட்டே முக்காலில் இறுகிவிட்டாலும் விடமாட்டான். சொந்த இஷ்டம் என்று ஒன்று அவனுக்கு இருந்ததாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. தாளைக் கண்ணருகே வைத்து இரண்டு முறை படித்தான், பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

ஒரு மணி நேரம் கழித்துத் தட்டு வந்தது. அதில் வறுத்த வேர்க்கடலை ஒரு கிண்ணம், தோலோடு இரண்டு காரட், அட்டையாகும்வரை வாட்டிய ரொட்டி நான்கு துண்டு, நடுவில் ஒரு சோளக் கதிர்.

"எதுல ஆரம்பிக்கலாம் அத்தான்?" என்றான்.

ஒற்றருக்கு வாய் திறக்க வழியில்லை. குளிர்பெட்டிக் கதவில் மாட்டியிருந்த சின்ன வெள்ளைப் பலகையைக் கழற்றி, அதில் இருந்த 'தக்காளி, பல்பு' என்பதை அழித்துவிட்டு எழுதினார்: 'என்ன இது?'

"மெல்லுணவு."

'மெல்லுணவு என்றால் மென்மையான உணவு.' வலியிலும் முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தார்.

மச்சினன் தாளை எடுத்து விரலால் தொட்டுக் காட்டினான். "மென்மையானன்னு எங்க போட்டிருக்கு? மெல்லுன்னு போட்டிருக்கு. மெல்லு, முழுங்குன்னு சொல்றோம்ல, அந்த மெல்லு. நல்லா மெல்லுற மாதிரி சாப்பாடு மட்டும்தான் கொடுக்கணும்னு போட்டிருக்கு. நானும் ஏதோ தாடைக்குப் பயிற்சி போலன்னு நினைச்சேன். எங்க மெஷினையும் மாட்டினவுடனே ஒரு தடவை காலியா ஓட விடுவோம்."

'பண்புத்தொகை' என்று எழுதி இரண்டு கோடு போட்டார் ஒற்றர்.

"வினைத்தொகையாக் கூட இருக்கலாமே அத்தான். பள்ளிக்கூடத்துல ஊறுகாய்க்குச் சொல்லிக் கொடுத்தாங்கள்ல? ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய். எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. அது மாதிரி மெல்லும் உணவு, மெல்லுகிற உணவு," இங்கே அவன் கொஞ்சம் தயங்கினான், "மென்ற உணவு. அதையும் யோசிச்சேன். மென்ற உணவுன்னா யாராவது ஏற்கெனவே மென்னு வச்சிருக்கணும். நீங்க வேணும்னா சொல்லுங்க, நான் மென்னு தரேன். ஆனா அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டு, எதற்கும் தயாராக இருப்போம் என்று ஒரு துண்டு ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டான்.

ஒற்றர் அவனை மடையன் என்று எழுதப் போனார். 'ம' வரை எழுதிவிட்டார். அப்புறம் கை நின்றுவிட்டது. தட்டின் நடுவில் கிடந்த சோளக் கதிரைப் பார்த்தார். நேற்று வந்தவருக்குத் தையல் மூணும் பிரிஞ்சு கிடக்கு, சோளக் கதிர் கடிச்சாராம். ஆறு பேர். அந்த ஆறு பேர் கையிலும் இந்தத் தாள். அந்தப் பெண் போனில் படித்துக் காட்டியதும் இதே தாள், இதே வரி, எழுத்துப் பிசகாமல்.

பலகையில் இருந்த 'ம'வை அவரே விரலால் அழித்தார்.

சாயங்காலம் மனைவி வந்து தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அவன் வாயில் மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். எதுவும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்து நேரே அடுப்படிக்குப் போனார். உருளைக்கிழங்கை வேகவைத்து, ஒரு கட்டியில்லாமல் மசித்து, பாலும் வெண்ணெயும் விட்டு, சூடு ஆறவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சோபாவில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த முதல் கரண்டியில் கண்ணீரே வந்துவிட்டது. வலியால் என்று மனைவி நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு மச்சினனுக்கு ஒரே உற்சாகம். குழைவாக இருக்க வேண்டும் என்பது இப்போது அவனுக்கு எழுத்துமூலமாகக் கிடைத்துவிட்டது. அக்கா பலகையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். எது குழைவு என்பதற்கு அவனே ஒரு சோதனை கண்டுபிடித்தான். கரண்டியைக் கவிழ்ப்பான், கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். ஒரு வினாடிக்குள் விழுந்தால் அது தண்ணீர், ஆகாது. ஐந்து வினாடிக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது சிமெண்ட், அதுவும் ஆகாது. மூன்று வினாடிதான் கணக்கு. ஆறிய பூசணி சூப் ஒன்றரை வினாடியில் விழுந்து தோற்றது. மசித்த வாழைப்பழம் மூன்றில் விழுந்து முதல் பரிசு வாங்கியது. தயிர் பாதி விழுந்து பாதி நின்றதால் அதை மறுபரிசீலனைக்கு வைத்தான். கலக்கி வேகவைத்த முட்டை, ஐஸ்கிரீம், பாலில் கரைத்த ஓட்ஸ் எல்லாம் அடுப்படித் தரையில்தான் முதலில் பரிமாறப்பட்டன. நான்காம் நாள் யாரோ கொடுத்த பிறந்தநாள் கேக்கையும் கோழிக்கறியையும் சேர்த்தே மிக்சியில் அடித்துவிட்டான். அது சரியாக மூன்று வினாடியில் விழுந்தது, ஆகவே கொண்டுவந்து நீட்டினான். உறிஞ்சினால் காயத்தின் ரத்தக்கட்டு பெயர்ந்துவிடும் என்று தாளில் தெளிவாகவே இருந்ததால் உறிஞ்சுகுழாய் மட்டும் போடவில்லை.

ஒற்றர் எதைக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். அதுதான் மனைவிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கேக்கும் கோழியும் கலந்த ஒன்றை வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிற மனிதன், கட்டாயம் ஏதோ தப்புச் செய்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏங்க, பல்லுதானே எடுத்தாங்க. திருடிட்டு வந்தவர் மாதிரி ஏன் முழிக்கிறீங்க? எதையோ மென்னு முழுங்குறீங்க."

மெல்லவே கூடாது என்று இருக்கிற மனிதரிடம் இப்படிச் சொன்னால் பாவம் என்ன செய்வார். அவர் பலகையை எடுத்து 'டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்' என்று எழுதிக் காட்டினார். டாக்டர் சொன்னது இரண்டு நாளைக்கு. இது ஐந்தாவது நாள். அவருக்கு இந்தத் தையல் மேல் ஒரு பாசமே வந்துவிட்டிருந்தது. வாய் மூடியிருக்கும்வரை யாரும் எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்ல முடியாது. ஒப்புக்கொண்டால் பத்தொன்பது வருடம் போய்விடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும். அச்சகத்தில் எல்லோரும் கூடி நின்று சிரிப்பதை அவரால் கற்பனை செய்ய முடிந்தது. அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு படியிறங்குவதையும் கற்பனை செய்ய முடிந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது.

கடைசியில் ஒரு கடிதம் எழுதினார். 'தங்கள் மருத்துவமனைத் தாளில் ஒரு சொல் இருபொருள்பட அமைந்துவிட்டது. நோயாளிகளுக்குச் சிரமம் நேர்ந்துள்ளதாக அறியப்படுகிறது.' ஒற்றெழுத்து எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"யாரு அமைச்சாங்க?"

ஒற்றர் பேனாவை மூடினார், திறந்தார்.

"இல்ல, தெரியாமத்தான் கேட்கிறேன். நான் பஸ்ஸைக் கொண்டுபோய் ஒரு தூண்ல இடிச்சிட்டு, 'இடி நேர்ந்துள்ளதாக அறியப்படுகிறது'ன்னு எழுதிக் கொடுத்தா டிப்போல விடுவாங்களா? வண்டியை யாருடி ஓட்டினான்னுதானே கேட்பாங்க."

அப்போதுதான் ஒற்றர் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். வீங்கிய வாயில் பாதிச் சொல் வெளியே வரவில்லை, இருந்தும் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. அந்தக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துக் குப்பையில் போட்டார். "நாளன்னைக்குத் தையல் பிரிக்கப் போறீங்கள்ல. வாயாலேயே சொல்லுங்க" என்றார்.

ஏழாம் நாள். காத்திருக்கும் அறையில் ஒற்றருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெருத்த மனிதர், ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். மடியில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம், பாதி காலி. ஒற்றர் அதைப் பார்ப்பதைக் கவனித்து அவர், "எனக்கு மட்டும் ஆசையா தம்பி? ஒவ்வொரு கடலைக்கும் உயிர் போகுது. ஆனா தாள்ல போட்டிருக்கே, மெல்லுணவு மட்டும்தான்னு. பத்து நாளும் பல்லைக் கடிச்சிக்கிட்டு மென்னுடலாம்னு பார்த்தேன். இன்னைக்குத் தையல் விட்டுப்போச்சு" என்றார்.

வரவேற்பு மேசையில் அந்தப் பெண் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் மேசையின் இழுப்பறையைத் திறந்து, தன் சீப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து ஒரு பையில் வைத்தாள். பிறகு எதுவும் நடக்காத குரலில் ஒற்றரைப் பார்த்து, "உள்ள போங்க சார்" என்றாள்.

டாக்டரம்மா அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயை அகலத் திறந்து, ஒரு கையில் கண்ணாடியும் ஒரு கையில் கத்தரிக்கோலுமாக வேலையைத் தொடங்கினார். முதல் முடிச்சை வெட்டும்போதே வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "இங்க வாம்மா. வெளிய உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன ஆச்சு?"

அவள் வந்து கதவருகே நின்றாள். "தையல் பிரிஞ்சிருக்கு மேடம்."

"ஏழு. போன வாரமே சொல்லிட்டேன். நான் இதுக்கு மேல என்ன பண்ண முடியும், நீயே சொல்லு."

"அப்பு" என்றார் ஒற்றர்.

"ஆடாதீங்க சார், கத்தரி உள்ள இருக்கு."

"என் அப்பு."

"உப்பா? உப்புத் தண்ணில கொப்பளிச்சீங்கள்ல, அது போதும். இப்ப வேண்டாம்." டாக்டரம்மா மறுபடி அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "இந்த மாசக் கணக்கை முடிச்சு..."

"உப்பு இல்ல, அப்பு. அவங்க அப்பு இல்ல."

"யாருங்க அப்பு? உங்க பையனா?"

ஒற்றர் கையை உயர்த்தி, டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, வாயிலிருந்து கண்ணாடியைத் தானே வெளியே எடுத்தார். இரண்டாவது தையலின் நூல் உதட்டோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"தப்பு" என்றார். "என் தப்பு. மெல்லுணவுன்னு எழுதினது நான். நீங்க குழைவானன்னு எழுதியிருந்தீங்க, சரியாத்தான் எழுதியிருந்தீங்க. அதை அடிச்சிட்டு மாத்தினேன். படிக்கிறவங்க மெல்லச் சொல்லியிருக்குன்னு எடுத்துக்கிறாங்க. எங்க வீட்டுலயே எடுத்துக்கிட்டாங்க. எனக்கு ஒரு வாரமாத் தெரியும், சொல்லாம இருந்துட்டேன். இவங்க ஒண்ணும் பண்ணல."

டாக்டரம்மா கையுறையோடு தாளை எடுத்தார். மூன்று மாதமாகக் கட்டுக் கட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்த தாளை முதல் முறையாகப் படித்தார். ஒருமுறை ஒரு மாதிரிப் படித்தார், இன்னொரு முறை இன்னொரு மாதிரிப் படித்தார். பிறகு வெளியே கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவரை எட்டிப் பார்த்தார். முகமூடிக்குள் அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை.

"நான்தான் படிச்சுப் பார்த்திருக்கணும். மன்னிச்சுக்கம்மா. நீ எங்கயும் போக வேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள். அப்புறம் ஒற்றரைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு முதல் நாளே அந்த வரி ஒரு மாதிரியா இருந்துச்சு சார். கடிக்கச் சொல்ற மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். ஆனா அச்சுல வந்திருக்கு, தெரிஞ்சவங்க யாரோ பார்த்துத்தானே போட்டிருப்பாங்க. நமக்குத்தான் தமிழ் சரியா வரலன்னு விட்டுட்டேன். யார்கிட்டயும் கேட்கவும் வெட்கமா இருந்துச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஒற்றருக்கு அது ஊசி போடாமல் பல்லைப் பிடுங்கியதுபோல் இருந்தது. பத்தொன்பது வருடம் போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தன் ஒரு சொல்லைப் படித்துவிட்டு, சொந்த மொழி தனக்குத் தெரியாது என்று ஒருத்தி மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அவமானமாக இருந்தது.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாளைப் பின்பக்கம் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நீங்க சொல்லுங்க. இதை எப்படிப் போடணும்?"

"நானா சார்?"

"போன்ல ஒருத்தர் கேட்டா, உங்க வாய்க்கு வர்றபடி எப்படிச் சொல்வீங்க?"

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தோளைக் குலுக்கினார். "பத்து நாளைக்கு எதையும் கடிக்காதீங்க, மெல்லாதீங்க" என்று மெதுவாகத் தொடங்கினாள். "பல்லுக்கு வேலையே இல்லாம, கொழகொழன்னு இருக்கறதைச் சாப்பிடுங்க."

ஒற்றர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"கொழகொழன்னு. இதை எப்படி எழுதுறது?"

கிண்டல் செய்கிறாரோ என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தொங்குகிற நூலோடு, வீங்கிய கன்னத்தோடு, அவர் நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவர் அப்படியே எழுதினார்.